குளிர்காலத்திலும் பூட்டாத தோட்டம்: தன்னார்வலர்கள் நடத்தும் சமூகத் தோட்டத்துக்கு செப்டம்பர் முதல் மார்ச் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

லண்டனில் காலி மனைகளிலும், பூங்கா ஓரங்களிலும், அடுக்குமாடிக் குடியிருப்புகளின் நடுமுற்றங்களிலும் அக்கம்பக்கத்தார் சேர்ந்து நடத்தும் தோட்டங்கள் ஏராளமாக இருக்கின்றன. டால்ஸ்டனில் கைவிடப்பட்ட ரயில் பாதை ஒன்றின் மேல் 2010-இல் உருவான ஈஸ்டர்ன் கர்வ் தோட்டம் அவற்றுள் பெயர் பெற்ற ஒன்று. 2008-இல் தொடங்கிய கேபிடல் க்ரோத் திட்டம், 2012 முடிவதற்குள் நகரில் 2012 புதிய உணவுத் தோட்டங்களை உருவாக்குவது என்ற இலக்கை எட்டியது. இத்தகைய தோட்டங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் கோடையைப் பற்றியே பேசுகிறார்கள். ஆனால் ஒரு தோட்டம் அடுத்த ஆண்டும் தொடர்ந்து நடக்குமா என்பது அக்டோபருக்கும் பிப்ரவரிக்கும் இடையில்தான் முடிவாகிறது. அந்த மாதங்களில் உறைபனியால் வரும் இழப்பு சிறியது. ஆட்கள் வருவது நின்றுபோவதால் வரும் இழப்பு பெரியது. மார்ச்சில் இரண்டு மூன்று பேர் மட்டும் முட்புதரும் களையும் மண்டிய பாத்திகளுக்கு முன்னால் நிற்கும் நிலை வந்துவிட்டால், அதிலிருந்து மீள்வது மிகவும் கடினம். ஆகவே கீழே சொல்லப்படும் ஒவ்வொரு வேலையும் மண்ணுக்கு எவ்வளவு தேவையோ, அதே அளவுக்கு அந்தக் குழு கலையாமல் இருப்பதற்கும் தேவை என்ற எண்ணத்தோடுதான் இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

இதில் சொல்லப்படும் காலக்கணக்கு லண்டனுக்கும் தென்கிழக்கு இங்கிலாந்துக்கும் பொருந்தும். வட இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் இருப்பவர்கள் இலையுதிர்கால வேலைகளை இரண்டு, மூன்று வாரங்கள் முன்னதாகவும், வசந்தகால விதைப்பை அதே அளவு பின்னதாகவும் வைத்துக்கொள்ள வேண்டும்.

முதல் படி: வேலை நேரத்தை மாற்றுதல்

அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகிறது. டிசம்பர் மூன்றாம் வாரத்தில் லண்டனில் பகல் வெளிச்சம் எட்டு மணி நேரத்துக்கும் குறைவாகவே கிடைக்கிறது, நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடுகிறது. கோடையில் புதன் மாலை கூடிய குழு அதே நேரத்தை வைத்துக்கொண்டால் இருட்டில்தான் கூட வேண்டியிருக்கும். ஆதலால் செப்டம்பர் இறுதிக்குள் கூடும் நேரத்தை வார இறுதியின் முற்பகலுக்கு மாற்றி, மார்ச் வரையிலான தேதிகள் அனைத்தையும் ஒரே தாளில் அச்சிட்டு வாயிலில் ஒட்டிவிடுங்கள், வாட்ஸ்அப் குழுவிலும் போட்டுவிடுங்கள். வாராவாரம் கூடுவதாக அறிவித்துவிட்டுப் பாதி நாட்கள் ரத்து செய்வதைவிட, இரு வாரத்துக்கு ஒருமுறை என்று அறிவித்து அதைத் தவறாமல் நடத்துவது மேல்.

ஒரு கூடலுக்கு இரண்டு மணி நேரம் போதும். ஒவ்வொரு கூடலுக்கும் அன்றே தொடங்கி அன்றே முடியக்கூடிய ஒரு வேலையை முன்கூட்டியே குறித்து வைக்க வேண்டும்: ஓர் இலைத்தொட்டி நிரம்பியது, நான்கு பாத்தியில் பூண்டு நட்டாயிற்று, எல்லா மண்வெட்டிகளுக்கும் எண்ணெய் பூசியாயிற்று என்பது போல. குளிரில் வந்து நிற்கும் ஒருவர், தன் கையால் ஒன்று முடிந்ததைப் பார்த்துவிட்டுப் போனால்தான் அடுத்த முறையும் வருவார். சூடான தேநீரைக் கடைசியில் கொடுக்காமல் நடுவில் கொடுங்கள். கடைசியில் கொடுத்தால் பலர் அதற்கு முன்பே கிளம்பிவிடுவார்கள். மழை பெய்தால் கொட்டகைக்குள் செய்யத்தக்க வேலைகளுக்குத் தனிப் பட்டியல் ஒன்று எப்போதும் ஆணியில் தொங்கட்டும்.

இரண்டாம் படி: கடைசி அறுவடையும் விதையும்

பாத்திகளைக் காலி செய்யத் தொடங்கும் முன் ஒவ்வொன்றையும் ஒளிப்படம் எடுத்து, எங்கே எந்தப் பயிர் இருந்தது என்று வரைபடத்தில் குறித்துவிடுங்கள். முட்டைக்கோஸ் இனமும் உருளைக்கிழங்கும் வெங்காய இனமும் ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் வந்தால் மண்வழி நோய்கள் பெருகும். பலர் சேர்ந்து நடத்தும் தோட்டத்தில் இந்தத் தகவல் யார் நினைவிலும் தங்குவதில்லை.

பூசணிகளை உறைபனிக்கு முன்பே, காம்பு நீளமாக இருக்கும்படி அறுத்து, வெயில்படும் சன்னலோரத்திலோ பசுமைக்குடிலிலோ பத்து நாள் வைத்தால் தோல் இறுகி மாதக்கணக்கில் கெடாமல் இருக்கும். காம்பைப் பிடித்துத் தூக்கக் கூடாது. காம்பு முறிந்த இடத்திலிருந்துதான் அழுகல் தொடங்கும். பழுக்காத தக்காளியை வாழைப்பழத்துடன் ஒரு காகிதப் பையில் போட்டு வைத்தால் பழுத்துவிடும், மிஞ்சுவதைச் சட்னிக்கு வைத்துக்கொள்ளலாம். கருகல் நோய் தாக்கிய உருளைக்கிழங்குப் பாத்தியில் ஒரு கிழங்குகூட மண்ணில் தங்காமல் தோண்டி எடுத்துவிட வேண்டும். அந்த நோய் உயிருள்ள கிழங்கில்தான் குளிர்காலத்தைக் கழிக்கிறது.

விதை சேகரிக்க எளியவை பீன்ஸ், பட்டாணி, தக்காளி ஆகியவை. பீன்ஸ் காய்கள் கொடியிலேயே காய்ந்து சலசலக்கும்வரை விட்டுப் பறித்து, உரித்து, தாள் உறையில் பெயரும் ஆண்டும் எழுதி வைக்கலாம். ஆனால் கோர்ஜெட் (சுக்கினி), பூசணி ஆகியவற்றின் விதையைச் சமூகத் தோட்டத்தில் எடுத்துப் பகிர வேண்டாம் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். பக்கத்து மனையில் யாராவது அலங்காரப் பூசணி வளர்த்திருந்தால், தேனீக்கள் அதன் மகரந்தத்தைக் கொண்டுவந்து சேர்த்திருக்கும். அந்தக் கலப்பு விதையிலிருந்து வரும் காயில் குக்குர்பிட்டசின் என்னும் கசப்பு நச்சு இருக்கக்கூடும், சமைத்தாலும் அது போகாது. கசக்கும் சுரைக்காயைச் சமைக்கக் கூடாது என்று நம் வீட்டுப் பெரியவர்கள் எச்சரிப்பதும் இதே நச்சைப் பற்றித்தான்.

அக்டோபர் 21 அன்று பல ஊர்களில் ஆப்பிள் தினம் கொண்டாடப்படுகிறது. மறைந்துகொண்டிருந்த பழத்தோப்புகளின் மீது கவனத்தைத் திருப்புவதற்காக காமன் கிரவுண்ட் என்ற அமைப்பு 1990-இல் லண்டனின் கோவென்ட் கார்டனில் இதைத் தொடங்கியது. தோட்டத்தில் ஓர் ஆப்பிள் மரம்கூட இல்லாவிட்டாலும், வீடுகளில் மிஞ்சிய ஆப்பிள்களைக் கொண்டுவரச் சொல்லி, வாடகைக்கு எடுத்த சாறு பிழியும் கருவியோடு ஒரு நாளை வைத்தால், அதுவரை வாயிலைத் தாண்டி வராத அயலவர்களும் உள்ளே வருவார்கள். குளிர்காலத்துக்கான ஆள்சேர்ப்பை அன்றே செய்துவிடுங்கள்.

மூன்றாம் படி: வெற்று மண் இல்லாமல் பார்த்துக்கொள்ளுதல்

குளிர்கால மழை வெற்று மண்ணை இறுக்குவதோடு, அதிலுள்ள சத்துகளையும் அடித்துச் செல்கிறது. லண்டனின் பெரும்பகுதி களிமண் நிலம். ஈரத்தில் மிதித்தால் செங்கல்லாக இறுகிவிடும். எனவே காலியாகும் ஒவ்வொரு பாத்தியையும் ஏதேனும் ஒன்றால் மூட வேண்டும். பழைய பயிரை வேரோடு பிடுங்காமல் தரைமட்டத்தில் வெட்டுங்கள். வேர்கள் உள்ளேயே மக்கி, காற்றும் நீரும் போகும் வழிகளை விட்டுச்செல்லும்.

மூடுவதற்கு இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, பசுந்தாள் உரம். செப்டம்பருக்குள் இடம் காலியானால் ஃபசீலியா விதைக்கலாம். அக்டோபர் இறுதிவரையிலும் கிரேசிங் ரை என்னும் தானியப் பயிரையும், நவம்பர்வரை ஃபீல்டு பீன்ஸையும் விதைக்கலாம். கிரேசிங் ரை களையை நன்றாக அடக்கும், ஆனால் வசந்தத்தில் அதை வெட்டி மண்ணில் புரட்டிய பிறகு சில வாரங்கள் காத்திருக்க வேண்டும். அது மக்கும்போது வெளிவிடும் பொருள்கள் கேரட் போன்ற சிறுவிதைகளின் முளைப்பைத் தடுக்கின்றன.

இரண்டாவது வழி மூடாக்கு. சாமர்செட்டில் பல்லாண்டுகளாக உழாமல் பயிர் செய்துவரும் சார்ல்ஸ் டவுடிங், பாத்தியைக் கொத்தாமல் அதன் மேல் சுமார் 5 சென்டிமீட்டர் மக்கிய உரத்தைப் பரப்பும் முறையைப் பிரபலமாக்கினார். தன்னார்வலர் தோட்டத்துக்கு நான் பரிந்துரைப்பது இதையே. முதுகு வலிக்காது, முதியவர்களும் குழந்தைகளும் வாளியால் அள்ளிப் போடலாம், மண்ணில் உறங்கும் களைவிதைகளும் மேலே வராது. உரம் போதாத பாத்திகளில் பசைநாடா உரித்த அட்டைப்பெட்டிகளைப் பரப்பி, மேலே இலை போட்டு, நனைத்துவிட்டால் போதும்.

இதற்காகக் கம்போஸ்ட் தொட்டியைக் காலி செய்யும்போது, முதலில் கையுறை அணிந்து மேற்பரப்பை மெதுவாக விலக்கிப் பாருங்கள். முள்ளெலிகளும் தவளைகளும் நவம்பரில் அங்கேதான் தஞ்சம் புகுகின்றன. சமைத்த உணவு எதுவும் தொட்டிக்குள் போகக் கூடாது. எலி வந்துவிட்டால் அதன் சிறுநீர் வழியாக லெப்டோஸ்பைரோசிஸ் நோய் பரவும் ஆபத்து உண்டு. கையுறையும், வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கைகழுவுவதும் அனைவருக்கும் கட்டாயமாக இருக்க வேண்டும்.

நான்காம் படி: இலை மக்கு

குளிர்கால வேலைகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். செலவில்லை, எந்தத் திறமையும் வேண்டாம், மூன்று வயதுக் குழந்தையும் எண்பது வயதுப் பாட்டியும் ஒன்றாகச் செய்யலாம். நான்கு மரக்கம்புகளை ஒரு மீட்டர் இடைவெளியில் சதுரமாக நட்டு, சுற்றிலும் கோழிவலைக் கம்பியை அடித்தால் தொட்டி தயார். அதில் இலைகளை நிரப்பி, மிதித்து, காய்ந்திருந்தால் நீர் தெளித்துவிட வேண்டும். சாதாரணக் கம்போஸ்ட் பாக்டீரியாக்களின் சூட்டில் மக்குகிறது; இலைகளோ சூடில்லாமல் பூஞ்சைகளால் மெதுவாக மக்குகின்றன. அதனால்தான் இதற்குத் தனித் தொட்டி.

ஓக், ஹார்ன்பீம் இலைகள் விரைவாக மக்கும். லண்டன் தெருக்களில் நிற்கும் பிளேன் மரத்தின் இலைகள் தடித்தவை. அவற்றைப் புல்வெட்டும் இயந்திரத்தால் ஒருமுறை ஓட்டி நறுக்கிப் போடுவது நல்லது. ஹாலி, லாரல் போன்ற எப்போதும் பசுமையான செடிகளின் இலைகளைத் தவிர்த்துவிடுங்கள். வாகனம் அதிகம் ஓடும் சாலையோர இலைகள் வேண்டாம். அவற்றில் எண்ணெய்ப் படிவும் பிளாஸ்டிக் துண்டுகளும் இருக்கும். பூங்கா இலைகளை வேண்டுமானால் கவுன்சிலின் பூங்காப் பிரிவிடம் கேட்டுப் பெறலாம். ஹார்ஸ் செஸ்ட்நட் இலைகளில் பழுப்புத் திட்டுகள் தெரிந்தால் அவற்றை விட்டுவிடுங்கள். இலைதுளைக்கும் அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுக்கள் அந்த இலைகளுக்குள்தான் குளிர்காலத்தைக் கழிக்கின்றன.

ஓராண்டில் அது மூடாக்குக்கு ஆகும்; இரண்டாண்டில் விதை ஊன்றும் மண்கலவையில் சேர்க்கலாம். இரண்டாண்டுத் தொட்டியில் கையை விட்டு ஒரு பிடி எடுத்துப் பாருங்கள்: இலை நரம்பின் தடம்கூடத் தெரியாது, கறுத்து, பொலபொலவென்று, மழைக்குப் பிந்தைய காட்டு வாசனையோடு இருக்கும்; இறுக்கிப் பிடித்தால் உருண்டையாகி, விரலால் தொட்டதும் உதிரும். புதிதாக வந்தவர்களிடம் அந்தப் பிடியைக் கொடுத்துவிட்டு, பிறகு அவர்களை வாரியலோடு இலை கூட்ட அனுப்புங்கள். பெரும்பாலும் மறு வாரமும் வருவார்கள்.

ஐந்தாம் படி: பூண்டும் பிராட் பீன்ஸும்

அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் முடிய பூண்டு நடும் காலம். பூண்டு குளிரை வேண்டி நிற்கும் பயிர்; 10 டிகிரிக்குக் கீழான குளிரில் ஒன்றிரண்டு மாதம் இருந்தால்தான் ஒற்றைக் குமிழாக நின்றுவிடாமல் பற்களாகப் பிரியும். கடையில் சமையலுக்கு வாங்கிய பூண்டு வேறு நாட்டுத் தட்பவெப்பத்துக்கு உரிய ரகமாகவும் நோய் தொற்றியதாகவும் இருக்கலாம் என்பதால், விதைப்பூண்டாகவே வாங்குங்கள். பற்களைத் தோலோடு பிரித்து, பெரியவற்றை மட்டும் தேர்ந்து, கூர்முனை மேலே இருக்க, முனைக்கு மேல் சுமார் 2.5 சென்டிமீட்டர் மண் மூடும்படி, 15 சென்டிமீட்டர் இடைவெளியில் ஊன்ற வேண்டும். ஒருவர் குச்சியால் குழியிட, ஒருவர் பல்லை வைக்க, ஒருவர் மூட என்று மூவராக நகர்ந்தால் ஒரு பாத்தி வெகு விரைவில் முடிந்துவிடும். பறவைகள் முளையைக் கொத்தி இழுக்கும். வேர் பிடிக்கும்வரை வலை போட்டு வையுங்கள். அறுவடை அடுத்த ஜூன், ஜூலையில்.

பிராட் பீன்ஸில் ஆக்வாடூல்ஸ் கிளாடியா என்ற பழைய ரகம் குளிரைத் தாங்கும். நவம்பர் தொடக்கத்தில் 5 சென்டிமீட்டர் ஆழத்தில், 20 சென்டிமீட்டர் இடைவெளியில் விதைத்தால் வசந்தத்தில் விதைத்தவற்றுக்குச் சில வாரம் முன்பே காய்க்கும். எலித்தொல்லை உள்ள தோட்டத்தில் சிறு தொட்டிகளில் முளைக்கவைத்துப் பிறகு நடலாம்.

கேல், லீக்ஸ், பிரசல்ஸ் ஸ்ப்ரவுட்ஸ் ஆகியவை இப்போது அறுவடைக்கு நிற்கும். முட்டைக்கோஸ் இனத்துக்குப் புறா வலை இன்றியமையாதது. அறுவடையை அன்று வந்தவர்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் வழக்கத்தை ஜனவரியிலும் கைவிடாதீர்கள்.

ஆறாம் படி: தண்ணீரும் பாதையும்

முதல் கடும் உறைபனிக்கு முன் தரைக்குழாயின் மூடுதிருகை மூடி, குழாயில் எஞ்சிய நீரை வடித்துவிட வேண்டும். ரப்பர் குழாய்களைச் சுருட்டி உள்ளே வையுங்கள். விளிம்புவரை நிரம்பிய மழைநீர்ப் பீப்பாயைச் சற்றுக் காலி செய்யுங்கள். பனிக்கட்டி விரிவடைய இடம் வேண்டும். பாதைகளில் மரச்சீவல் பரப்புங்கள். மரம் வெட்டும் நிறுவனங்கள் இதைப் பெரும்பாலும் இலவசமாகவே இறக்கிவிட்டுப் போகும். மரப்பலகைப் படிகளில் கோழிவலையை ஆணியடித்துப் பரப்பினால் பாசியில் வழுக்காது.

ஏழாம் படி: மரம் நடுதலும் கவாத்தும்

நவம்பர் முதல் மார்ச் தொடக்கம்வரை, இலையுதிர்ந்து உறங்கும் மரக்கன்றுகள் மண்ணின்றி வெறும் வேரோடு விற்கப்படும். தொட்டிக் கன்றைவிட இவை மலிவு, ரகங்களும் அதிகம். நடுவதற்கு முன் நில உரிமையாளரின், பெரும்பாலும் கவுன்சிலின், எழுத்துவழி அனுமதி வேண்டும். குத்தகை முடிந்த பிறகும் அங்கேயே நிற்கப்போகும் ஒன்றை நடுகிறோம்.

ஆப்பிள் மரத்தின் உயரத்தைத் தீர்மானிப்பது அது ஒட்டப்பட்டிருக்கும் அடிக்கன்று. இவற்றுள் பல, கென்ட் மாவட்டத்தில் 1913-இல் தொடங்கிய ஈஸ்ட் மாலிங் ஆய்வு நிலையத்தில் தரம்பிரிக்கப்பட்டவை. ‘எம்’ என்ற எழுத்து மாலிங்கைக் குறிக்கும். எம் 9 குட்டையானது, ஆனால் வாழ்நாள் முழுதும் முட்டுக்கம்பும் நல்ல மண்ணும் கேட்கும். எம்.எம். 106 நான்கு மீட்டர் வரை வளரும், சுமாரான மண்ணையும் பொறுத்துக்கொள்ளும். ஆள் மாறிக்கொண்டே இருக்கும் தோட்டத்துக்கு எம் 26 அல்லது எம்.எம். 106 தான் ஏற்றது என்பது என் கருத்து.

கன்று வந்ததும் வேரை ஓரிரு மணி நேரம் வாளி நீரில் ஊறவைத்து, வேர் மடங்காத அகலத்துக்குக் குழி எடுத்து, தண்டில் பழைய மண்ணின் தடம் தெரியும் மட்டத்திலேயே நடுங்கள். ஒட்டுப்போட்ட முடிச்சு மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும்; அது புதைந்தால் மேல்தண்டும் வேர்விட்டு, அடிக்கன்றின் கட்டுப்பாடு போய்விடும். மண் உறைந்திருந்தாலோ நீர் தேங்கி நின்றாலோ நடக் கூடாது. அதுவரை வேரை ஒரு பள்ளத்தில் சாய்த்து மண்ணால் மூடி வையுங்கள். முதல் கோடையில் யார் யார் எந்த வாரம் நீர் ஊற்றுவது என்ற பட்டியலை நடுகிற அன்றே எழுதிவிடுங்கள்.

ஏற்கெனவே நிற்கும் ஆப்பிள், பேரி மரங்களை இதே மாதங்களில் கவாத்து செய்யலாம். முதலில் காய்ந்தவை, பிறகு நோயுற்றவை, பிறகு ஒன்றோடொன்று உரசுபவை. அதற்குப் பிறகு எல்லாரும் ஒருமுறை பின்வாங்கி நின்று மரத்தைப் பார்த்துவிட்டே அடுத்த வெட்டு. வெட்டு, வெளிநோக்கிய மொட்டுக்குச் சற்று மேலே, மொட்டுக்கு எதிர்ப்பக்கம் சரிவாக அமைய வேண்டும். ஒரே குளிர்காலத்தில் கிளைப்பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் எடுத்தால், மரம் மறு ஆண்டு காய்க்காமல் நெடுநெடுவென்று நீர்க்குருத்துகளைத் தள்ளும். பிளம், செர்ரி மரங்களை மட்டும் குளிர்காலத்தில் தொடாதீர்கள். சில்வர் லீஃப் என்னும் பூஞ்சை நோய் வெட்டுக்காயம் வழியே புகும், அவற்றுக்குக் கோடைக் கவாத்தே சரி.

ஜனவரியில் சாமர்செட், ஹெரஃபர்ட்ஷர் தோப்புகளில் ஆப்பிள் மரங்களை வாழ்த்திப் பாடும் வாசெயில் சடங்கு நடக்கிறது. பழைய நாள்காட்டிப்படி ஜனவரி 17 அதற்குரிய நாள். நம் பொங்கல் அதற்கு இரண்டு மூன்று நாள் முன்னால்தான் வருகிறது. தமிழர்கள் உள்ள தோட்டங்கள் இரண்டையும் ஒரே வார இறுதியில் சேர்த்து, எரிவாயு அடுப்பில் பொங்கலிட்டு, ஆப்பிள் சாற்றைச் சூடாக்கிப் பரிமாறினால், ஆண்டின் மிகக் குளிரான நாட்களிலும் தோட்டம் நிறைந்திருக்கும்.

எட்டாம் படி: கொட்டகைக்குள் கருவிகள்

மழை நாளுக்கான வேலை இது. மண்ணைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, துருவை உப்புத்தாளால் எடுத்து, உலோகத்தில் மெல்லிய எண்ணெய் தடவ வேண்டும். மரப்பிடியைச் சொரசொரப்பு போகத் தேய்த்து, கடையில் ‘பாயில்ட் லின்சீட் ஆயில்’ என்ற பெயரில் கிடைக்கும் ஆளிவிதை எண்ணெயைத் துணியால் பூசி, சற்று நேரத்தில் மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். கவனம்: ஆளிவிதை எண்ணெய் நனைந்த துணியைக் கசக்கிக் குப்பைக்கூடையில் போட்டால், அது காயும்போது உண்டாகும் சூட்டில் தானாகவே தீப்பற்றக்கூடும். அந்தத் துணிகளை வெளியில் தனித்தனியாக விரித்து முழுவதும் காயவிட்ட பிறகே அகற்ற வேண்டும். கவாத்துக் கத்தரியைச் சரிவுள்ள பக்கத்தில் மட்டுமே தீட்ட வேண்டும். தட்டையான பக்கத்தில் பிசிறு நீங்க ஓர் இழுப்புப் போதும்.

ஒன்பதாம் படி: உயிரினங்களுக்கு இடம் விடுதல்

நேர்த்தியாகத் துடைத்து வைத்த தோட்டத்தில் குளிர்காலத்தைக் கழிக்கப் பூச்சிகளுக்கு இடமில்லை. சூரியகாந்தி, டீசல் (teasel) என்னும் முட்செடி ஆகியவற்றின் விதைத்தலைகளையும், உள்ளீடற்ற தண்டுகளையும் மார்ச்வரை நிற்கவிடுங்கள். அசுவினியைத் தின்னும் பொறிவண்டுகள் அவற்றில்தான் ஒடுங்கியிருக்கும். பழைய பறவைக் கூட்டுப்பெட்டிகளை இலையுதிர்காலத்தில் கொதிநீரால் கழுவுங்கள். புதியவற்றை பிப்ரவரிக்குள், வடக்குக்கும் கிழக்குக்கும் இடைப்பட்ட திசை நோக்கி மாட்டுங்கள். நீலச் சிட்டுக்கு 25 மில்லிமீட்டர் துளையும் ஊர்க்குருவிக்கு 32 மில்லிமீட்டர் துளையும் வேண்டும். உயிர்வேலியை வெட்டும் வேலையை பிப்ரவரி இறுதிக்குள் முடித்துவிட வேண்டும். பறவை கூடுகட்டிய வேலியைத் தெரிந்தே குலைப்பது சட்டப்படி குற்றம். ஜனவரி இறுதியில், ஆர்எஸ்பிபி என்னும் பறவைப் பாதுகாப்பு அமைப்பு 1979 முதல் நடத்திவரும் பறவைக் கணக்கெடுப்பில் ஒரு மணி நேரம் சேர்ந்து கலந்துகொள்வது குழந்தைகளுக்கு ஏற்ற கூடல்.

பத்தாம் படி: கூட்டமும் விதையும்

ஆண்டுக் கூட்டத்தை ஜனவரி இறுதியிலோ பிப்ரவரியிலோ, சூடான ஓர் அறையில் வையுங்கள். கணக்கு, பொதுப் பொறுப்புக் காப்பீட்டின் புதுப்பிப்பு, முதலுதவிப் பெட்டி, சாவி யார் யாரிடம் இருக்கிறது என்பவற்றை விரைவில் முடித்துவிட்டு, எஞ்சிய நேரத்தை வரைபடத்தின் முன் செலவிடுங்கள். முடிவெடுக்கும் பொறுப்பு ஒரே ஆளிடம் குவிந்திருந்தால், அவர் களைத்துப்போகும் ஆண்டில் தோட்டமும் நின்றுவிடும். விதை, மக்கு, மரங்கள், பணம் என்று ஒவ்வொன்றுக்கும் இருவராகப் பொறுப்பேற்கச் செய்யுங்கள்.

பழைய விதைகளை வீசும் முன் சோதியுங்கள். பத்து விதைகளை ஈரமான சமையலறைத் தாளில் சுருட்டி, பையில் இட்டு, சூடான இடத்தில் வைத்து எத்தனை முளைக்கின்றன என்று எண்ணினால் போதும். வெங்காயம், பார்ஸ்னிப் விதைகள் ஓராண்டு தாண்டினாலே நம்பகமற்றவை. தக்காளி நான்கைந்து ஆண்டு தாங்கும். இல்லாதவற்றுக்கு பிப்ரவரியில் பல ஊர்களில் நடக்கும் விதைப் பரிமாற்றச் சந்தைகளுக்குப் போய் வாருங்கள். பிரைட்டனில் நடப்பது நன்கு அறியப்பட்டது.

மிளகாயும் கத்தரியும் நீண்ட காலம் கேட்பவை என்பதால் ஜனவரி இறுதிக்கும் பிப்ரவரி இறுதிக்கும் இடையில் வீட்டுக்குள் சூடான இடத்தில் விதைக்க வேண்டும்; தக்காளிக்கு மார்ச் போதும். தோட்டத்தில் மின்வசதி இல்லையென்றால் தட்டுகளைத் தன்னார்வலர்களின் சன்னலோரங்களுக்குப் பிரித்துக் கொடுங்கள். விதை உருளைக்கிழங்குகளை முட்டை அட்டையில் கண்கள் மேலே பார்க்க அடுக்கி, வெளிச்சமும் குளிர்ச்சியும் உள்ள இடத்தில் முளைகட்ட விடுங்கள். இலையுதிர்கால ராஸ்பெரித் தண்டுகளை பிப்ரவரியில் தரைமட்டத்துக்கு வெட்டிவிடலாம்.

மார்ச்சில் வெளியே விதைக்க அவசரப்பட வேண்டாம். மண்வெப்பமானியைக் காலையில் ஊன்றிப் பாருங்கள். ஒரு வாரமாக 7 டிகிரிக்கு மேல் நிலைத்திருந்தால் பட்டாணியும் முள்ளங்கியும் கீரையும் விதைக்கலாம். அதற்கு முன், நின்றிருந்த பழைய தண்டுகளை வெட்டி, உள்ளிருக்கும் பூச்சிகள் வெளியேறும்படி வேலியோரத்தில் தளர்வாகச் சாய்த்து வையுங்கள். பசுந்தாள் உரத்தைப் பூக்குமுன் வெட்டிப் போடுங்கள், குழாயின் திருகைத் திறந்து கசிவு பாருங்கள், கோடைக்கான மாலைநேரக் கூடல்களின் தேதிகளை வாயிலில் ஒட்டுங்கள்.